எலெக்ட்ரிக் பிக்கப்: அலுமினிய பாடியில் வெள்ளைப் பொடி, பெயின்ட் கொப்புளம். பேட்டரி கசிவா?

ஏரிக்கரையான்:
வணக்கம். மிச்சிகனில் இருக்கிறேன். வண்டி 2022 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், பெரிய பேட்டரி. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின்பக்கத் தொட்டியின் மேல்விளிம்பில் ஏணி, பலகை ஏற்ற ஒரு இரும்பு ராக் மாட்டியிருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் வெளியே எங்கோ கொடுத்துச் செய்தது.

குளிர்காலம் முடிந்து வண்டியைக் கழுவும்போது பார்த்தால், ராக்கின் போல்ட் ஒவ்வொன்றைச் சுற்றியும் சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. டிரைவர் பக்கம் கடைசி போல்ட் அருகே பெயின்ட் பொங்கி, அங்கிருந்து மெல்லிய கோடுகளாகப் பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்கிறார்கள்?

ஒரு பட்டறையில் காட்டினேன். பேட்டரியிலிருந்து பாடிக்குக் கரன்ட் கசிகிறது, இறக்கிப் பார்க்கணும் என்கிறார்கள். உண்மையா? இல்லை, தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதுமா?

கிலோவாட்:
முதலில் பேட்டரியை இறக்குகிற பேச்சை விடுங்கள். வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரியின் (டிரைவ் பேட்டரி) பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியோடு சேராது. பாடியில் சேர்ந்திருப்பது சாதாரண 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் மட்டும், அது பெட்ரோல் வண்டியிலும் அப்படித்தான். ஆரஞ்சு நிற கேபிளில் போகிற உயர் வோல்டேஜுக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று வண்டியே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்தால் டேஷில் எச்சரிக்கை வரும். அப்படி எதுவும் வந்ததா? அது போக, கசிகிற கரன்ட்டுக்கு உங்கள் ராக் போல்ட்டுகள் மட்டும்தானா கிடைத்தன?

ஒரு காந்தம் எடுத்து தொட்டி, ராக், போல்ட் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பரோ நைலானோ வாஷர் இருக்கிறதா? ராக் கிளாம்ப்பில் பிடித்ததா, துளை போட்டதா? இதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்:
எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ராக்கில் காந்தம் ஒட்டுகிறது, தொட்டியில் ஒட்டவில்லை. போல்ட்டிலும் ஒட்டவில்லை, பளபளவென்று இருக்கிறது. அதுவும் அலுமினியமா? துளை போட்டுத்தான் மாட்டியிருக்கிறார்கள். ராக்கின் கால் நேராகப் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

கராச்காரன்:
தம்பி, அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். போல்ட்டுக்குப் பாவிக்கிற ஸ்டெயின்லெஸ் வகைகள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. நான் ஸ்காபரோவில் பாடி வேலை செய்கிறேன், இங்கேயும் பனி உருக றோட்டுக்கு உப்புப் போடுவார்கள், இதே கேஸ் வருவதுண்டு.

இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அதுவே ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் கறள் பிடிக்காது என்று நம்பிப் போடுகிறார்கள். ஆனால் அலுமினியத்தை அரிக்க வைப்பதில் அது சாதாரண இரும்பை விட மோசமாகவும் போகலாம். துளை போட்டவர் விளிம்பில் பிரைமர் வைக்கவில்லை. மிச்சத் தொட்டி முழுக்கப் பெயின்ட் இருப்பதால், வெளியே தெரிகிற அந்தத் துளை விளிம்பில்தான் முழு அரிப்பும் இறங்கும். பெயின்ட்டுக்குள் கோடு கோடாகப் போவது அதன் அடுத்த கட்டம். மேலே பெயின்ட் அடித்து மூடினால் உள்ளே ஊர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ராக்கைக் கழற்றுங்கள். கோடு முடிகிற இடத்தையும் தாண்டி, சுத்தமான உலோகம் தெரியும் வரை தேயுங்கள். இரும்பில் தேய்த்த உப்புத்தாளை இதில் வைக்கவே கூடாது, இரும்பு கம்பி பிரஷும் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் புதைந்தால் அங்கே புதுசாக அரிப்புத் தொடங்கும். இதற்காகத்தான் நாங்கள் அலுமினியத்துக்கென்று தனி இடம், தனி ஆயுதங்கள் வைத்திருக்கிறோம். தேய்த்த கையோடு துடைத்து எபோக்சி பிரைமர் அடியுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் ஆக்சைடு படலம் தடித்துவிடும். துளைக்குள்ளேயும் பிரைமர் போக வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுக்கு நைலான் குழாய் வாஷர், ராக் காலுக்கு அடியில் தடித்த ரப்பர். போல்ட் தலைக்கும் பெயின்ட் அடியுங்கள்.

சும்மாஒருவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு தொல்லை என்றால் எதற்கு அலுமினியம்? ரேஞ்சுக்காகவா, அதாவது ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் ஓடவா? டெஸ்லாவின் சைபர்டிரக் ஸ்டெயின்லெஸ்ஸில்தானே ஓடுகிறது?

கிலோவாட்:
ரேஞ்சுக்கு என்று சொல்லித்தான் பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது பேட்டரியை அதிகம் குடிப்பது காற்றுத் தடை. பிக்கப்பின் செவ்வக முகத்துக்கு எடை குறைந்தாலும் கூடினாலும் காற்று ஒன்றுதான். டவுனுக்குள் நின்று நின்று போகும்போதும் பிரேக்கில் கொஞ்சம் சக்தி திரும்பி வந்துவிடுகிறது.

இந்த அலுமினிய பாடி எலெக்ட்ரிக்குக்காக வந்ததும் இல்லை. 2015 பெட்ரோல் எஃப்-150யிலேயே வந்துவிட்டது, 700 பவுண்டு வரை, அதாவது சுமார் 318 கிலோ குறைத்தார்கள். அடியில் இருக்கும் பிரேம் இன்றைக்கும் இரும்புதான். லைட்னிங் வந்தபோது அந்த மிச்சம் கைகொடுத்தது. பேட்டரி ஏற்றியபின் வண்டி ஏறக்குறைய 3 டன். இது இரும்பு பாடியாக இருந்தால் அந்த 300 கிலோவும் லோடு ஏற்றுகிற கணக்கில் கழியும், ஏனென்றால் சஸ்பென்ஷனும் டயரும் தாங்கும் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. சின்ன பேட்டரி மாடலுக்கு அதிகபட்ச லோடு 2,235 பவுண்டு, சுமார் 1,014 கிலோ. மறுபக்கம் ஹம்மர் இவி என்கிற எலெக்ட்ரிக் பிக்கப், அதன் எடையே 4 டன்னுக்கு மேல். பிக்கப் என்பதே லோடு ஏற்றத்தானே, அதனால் நான் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பேன்.

சைபர்டிரக்குக்கு பெயின்ட்டே இல்லை, அது வேறு கதை.

ஏரிக்கரையான் அண்ணா, உங்கள் ராக்கும் அந்த லோடு கணக்கில்தான் வரும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற லோடு எண்ணிலிருந்து ராக், ஆட்கள் எல்லாம் கழித்துப் பாருங்கள்.

ஏரிக்கரையான்:
ராக்கைக் கழற்றிவிட்டேன். மற்ற துளைகளில் பொடி மேலோட்டமாகத்தான் இருந்தது, தேய்த்ததும் பளிச்சென்று வந்தது. அந்தக் கடைசித் துளையில் மட்டும் விளிம்பு செதில் செதிலாக உரிகிறது, திருப்புளி நுனி உள்ளே இறங்குகிறது. புட்டி வைத்து மூடலாமா?

கராச்காரன்:
வேண்டாம் தம்பி. திருப்புளி இறங்குகிறதென்றால் தகடு மெலிந்துவிட்டது, ராக்கின் பாரம் அந்தத் துளையில் நிற்காது. அதை மட்டும் அலுமினிய வேலை தெரிந்த கடையில் கொடுங்கள், வெட்டித் துண்டு வைப்பார்கள். போகும் முன்பே, அலுமினியத்துக்குத் தனி இடம் வைத்திருக்கிறீர்களா என்று போனில் கேளுங்கள். யோசித்து இழுத்தால் வேறு கடை பாருங்கள். வாரன்டியில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் வெளியே போட்ட துளை என்பதால் நம்பி இருக்க வேண்டாம்.

கிலோவாட்:
பூட்டி முடித்ததும் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனை போல்ட்டில் பெயின்ட் படாத இடத்தில், இன்னொன்று பாடியில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஒரு உலோகத்தில். அப்புறம் அதே மாதிரி ராக்கின் காலிலும், கோட்டிங்கை நுனியால் லேசாகக் கீறி. பீப் அடித்தால் எங்கோ இன்னும் தொடுகிறது, வாஷரைத் திரும்பப் பாருங்கள். ஈரம் இல்லாமல் காய்ந்தபின் பாருங்கள், இல்லையென்றால் ரீடிங் குழப்பும்.