தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிஞ்சதும் எவ்வளவு நேரம் உட்கார வைக்கணும்?

அரூர் ஸ்கேன் பணியாளர்:
எங்க சென்டர்ல தைராய்டு கட்டிக்கு எப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால செல் எடுத்துப் பார்க்கிற பரிசோதனை) முடிஞ்சதும் பஞ்சு வச்சு பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிடுறாங்க. சித்தேரி, கோட்டப்பட்டி பக்கம் போறவங்க பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல இருப்பாங்க. உள்ளே ரத்தம் கசிஞ்சா எப்போ தெரியும்? அடுத்த வாரம், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வச்ச ஒரு அம்மா வர்றாங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ரெண்டும் சாப்பிடுறாங்க. நிறுத்தச் சொல்லணுங்களா?

ரேடியாலஜி, தர்மபுரி:
பிளாஸ்டர் ரத்தத்தை நிறுத்தாதுங்க, விரல்தான் நிறுத்தும். ஊசியை எடுத்த நொடியே குத்தின இடத்துல ரெண்டு மூணு விரலை வச்சு 5 முதல் 10 நிமிஷம் விடாம அழுத்தணும். நோயாளி கையில பஞ்சைக் கொடுத்தா, நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து ரத்தம் வருதான்னு பார்ப்பாங்க. அதுல அழுத்தினதே வீணாயிடும். அப்புறம் மறுபடி ஸ்கேன் புரோபை (கழுத்துல வச்சுப் பார்க்கிற கருவியை) வச்சுப் பாருங்க. கசிவு தெரிஞ்சா அந்தப் புரோபாலேயே அழுத்தலாம்.

குத்துறதுக்கு முன்னாடி கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்) போட்டு, பெரிய ரத்தக்குழாய் இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்கணும். 25 அல்லது 27 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசி போதும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டின்னா சிரிஞ்சால உறிஞ்சாம, வெறும் ஊசியால எடுத்தா ஸ்லைடுல ரத்தமும் குறையும். ஊசி உள்ளே இருக்கும்போது எச்சில் விழுங்க, பேச, இரும கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

அரை மணி நேரம் உட்கார வைங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களை இன்னும் கூடுதல் நேரம் வைக்கணும். பெரிய கசிவு அபூர்வம்தான், ஆனா வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழிச்சும் வீங்கலாம். அதனால அன்னிக்கு ராத்திரி துணைக்கு ஆள் வேணும். வலிக்கு பாராசிட்டமால் போதும், டைக்ளோபினாக் வேண்டாம்.

பொது மருத்துவம், கிருஷ்ணகிரி:
அந்த அம்மாவை மாத்திரையை நிறுத்தச் சொல்லிடாதீங்க. ஸ்டென்ட் புதுசுன்னா, நிறுத்தினா அதுவே அடைச்சு மாரடைப்பு வரலாம். இது ரத்தக்கசிவு ஆபத்து குறைஞ்ச பரிசோதனை. மாத்திரையோடவே செய்யறது பல இடங்கள்ல நடக்குது. முடிவு இதய மருத்துவர் கையில இருக்கட்டும், எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ரத்தம் உறையாம தடுக்கிற வார்பரின் மாத்திரைன்னா, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்க்காம குத்தக் கூடாது. "இதய மாத்திரை"ன்னு மட்டும் சொல்வாங்க, மாத்திரை அட்டையை வாங்கிப் படிங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மருந்து மூணும் ஒரே கேப்ஸ்யூல்ல இருக்கலாம்.

அரூர் ஸ்கேன் பணியாளர்:
நன்றிங்க. வீங்கிட்டா எது ஆபத்துன்னு எப்படிப் பிரிக்கிறது?

ரேடியாலஜி, தர்மபுரி:
வீக்கத்தோட ஓரத்தைப் பேனாவால கோடு போட்டு வைங்க. கோட்டைத் தாண்டினா, குரல் கம்மினா, விழுங்க முடியலைன்னா, மூச்சுல சத்தம் வந்தா உடனே 108. படுக்க வைக்காதீங்க, நிமிர்ந்து உட்காரட்டும், தண்ணிகூடக் கொடுக்காதீங்க. அழுத்துறதை விடாம, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி, மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள இடத்துக்கே நேரா அனுப்புங்க.

சில சமயம் ரத்தமே இல்லாம ரெண்டு பக்கச் சுரப்பியும் ஒண்ணா உப்பும், ஸ்கேன்ல உள்ளே கருப்பா வெடிப்பு வெடிப்பாத் தெரியும். ஐஸ் வச்சா பெரும்பாலும் சில மணி நேரத்துல வடிஞ்சிடும். வடியற வரைக்கும் அவங்களைப் பஸ் ஏத்தாதீங்க.