நாகை முதல் கர்நாடக எல்லை வரை பழைய தேசிய நெடுஞ்சாலை 67: ஒரே ரோடாகப் போக முடியுமா?

கொரடாச்சேரிக்காரன்:
அப்பா லாரி ஓட்டியவர். நாகப்பட்டினத்தில் ஏறினால் திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோயம்புத்தூர், ஊட்டி, கூடலூர் என்று எல்லை தாண்டி குண்டலுப்பேட்டை வரை ஒரே 67தான் என்பார். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் இன்ஜினை அணைத்து இறங்கி, டீ குடித்துவிட்டு வந்தாலும் கேட் திறந்திருக்காதாம். இப்போது எழுபது வயது, அந்த ரோட்டை முழுசாக இன்னொரு தடவை பார்க்கணும் என்கிறார். காரில் கூட்டிப்போகிறேன். மேப்பில் 67ஐயே காணோம், 83 என்று காட்டுகிறது. அதையே பிடித்துப் போனால் போதுமா? மார்கழியில் கிளம்பலாம் என்று இருக்கிறோம்.

உறையூர்வாசி:
போதாது தம்பி. 2010ல் எண்களை மாற்றியபோது அந்த ரோடு மூன்று எண்ணாகிவிட்டது. நாகையிலிருந்து திருச்சி வரைதான் 83, அதற்கு மேலும் அதையே நம்பினால் திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி சுற்றிக் கோவை போவீர்கள். திருச்சியில் 81க்கு மாறுங்கள். குளித்தலை வரை காவிரி வலது கைப்பக்கம் கூடவே வரும், அவசரப்படாமல் ஓட்டுங்கள், அப்பா பார்க்கட்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, குண்டலுப்பேட்டை எல்லாம் 181. 67 என்ற எண் இப்போது ஆந்திராவில் கிருஷ்ணபட்டினம் துறைமுகத்துக்குப் போகும் வேறு ரோட்டுக்கு.

அம்மாபேட்டை விவசாயி:
மார்கழி சரி, சம்பா அறுவடைக்கு முன்னால் தாண்டிவிடுவீர்கள். போன மாசியில் சாலியமங்கலம் பக்கம் ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்தது, ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். இருட்டில் பைக்கில் வந்த பையன் கல்லில் ஏறி விழுந்தான், நான்தான் தூக்கிவிட்டேன், முழங்கையெல்லாம் ரத்தத்தோடு நெல் ஒட்டியிருந்தது. காயப்போட்டவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், களம் இல்லாதவன் எங்கே போவான்? ஊருக்கு ஒரு சிமென்ட் களம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம்.

மன்னார்குடி டு கூடலூர்:
ஊர் மன்னார்குடி, வேலை கூடலூரில். நீலகிரிக்கு வெளியூர் வண்டி எதுவானாலும் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இப்படித்தான், கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்குங்கள், பழைய 67 அதுதான். முதுமலை, பந்திப்பூர் காட்டு ரோட்டை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். அதனால் மத்தியானமே கூடலூர் வந்துவிட்டால் எல்லையில் இருக்கும் கக்கநல்லா செக்போஸ்ட்டை வெளிச்சத்திலேயே தாண்டலாம்.

கொரடாச்சேரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், நடுவட்டம் என்றதும் எந்த வளைவில் எந்த கியர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதல் ராத்திரி திருச்சியில் தங்கல், குளித்தலை ரோட்டில் விடிய வேண்டும் என்கிறார்.