பொங்கல் அட்டை மாற்று – நம்ம வீட்டுக் குழு

மல்லிகா, காலை 9:05
இந்தத் தடவை ஆறு பேர். ஆளுக்கு, அழிரப்பர்ல செதுக்குன ஸ்டாம்பால அச்சடிச்சு, ஒரே டிசைன்ல 6 அட்டை. அஞ்சு தபாலுக்கு, ஒண்ணு உங்க கைக்கு. மடிச்சா ஏ6 அளவு (ஏ4-ல கால்வாசி) இருக்கணும். உள்பக்கம் காலியா விடுங்க. பின்னாடி பேர், வருஷம், என்ன இங்க்னு பென்சில்ல சின்னதா. மார்கழி 20க்குள்ள தபால்ல சேத்துடணும், போகி வரைக்கும் இழுத்தா அட்டை காணும் பொங்கலுக்குத்தான் போய்ச் சேரும்.

கார்த்தி, 9:11
எத்தனை தாள் வாங்கணும் அத்தை?

மல்லிகா, 9:12
300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்) ஏ4 மூணு போதும், ஒரு தாள்ல ரெண்டு அட்டை. ஆனா அஞ்சா வாங்கு. ஸ்டாம்பு வழுக்காம இருக்காது.

செல்வி, 9:15
தம்பி, வெட்டும்போது கவனம். ஏ4-ஐ குறுக்கே பாதியா வெட்டி, அந்தப் பாதியை நடுவுல மடிங்க. நீளவாக்குல ரெண்டு பட்டையா வெட்டி மடிச்சாலும் அதே ஏ6 தான் வரும், ஆனா மடிப்பு வெடிச்சு நார் தெரியும்.

கார்த்தி, 9:16
ரெண்டும் ஒரே அளவுதானே அண்ணி, ஒண்ணு மட்டும் ஏன் வெடிக்குது?

செல்வி, 9:19
தாள்ல நார் ஒரே திசைல ஓடும். ஏ4-ல பெரும்பாலும் நீளவாக்குல. நாரோட போக்குலயே மடிச்சா சொன்னபடி கேக்கும், குறுக்கே மடிச்சா நார் ஒடியும். சந்தேகமா இருந்தா தாளை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்தப் பக்கம்தான் மடிப்பு. மடிக்கிறதுக்கு முன்னாடி தீந்துபோன பால்பாயிண்ட் பேனாவால ஸ்கேல் வெச்சு அழுத்தி ஒரு கோடு. கோட்டுப் பள்ளம் வெளிப்பக்கம் வரணும், பின்னாடி எழும்புற மேடு உள்பக்கம்.

உமா, 9:40
(படம்)
சித்தி, அழிரப்பர்ல செதுக்குன ‘பொங்கல்’. ‘பொ’வோட கொம்புச் சுழியும் ‘ல’ சுழியும் அடைஞ்சே போகுது. நடுவுல வேற சொட்டை சொட்டையா இருக்கு.

மல்லிகா, 9:46
ரெண்டும் வேற வேற கோளாறு. ஸ்டாம்பைக் கொண்டுபோய் மை பேடுல அமுக்குறியா? அப்படிச் செஞ்சா பள்ளத்துக்குள்ளயும் மை ஏறிடும், சுழி அடையும். ஸ்டாம்பை மல்லாக்க வெச்சு, பேடைக் கையில எடுத்து மேல தட்டு. லேசா, ஏழெட்டுத் தட்டு.

மல்லிகா, 9:49
சொட்டைக்குக் காரணம் புது ரப்பரோட வழவழப்பு. மை ஒட்டாம மணிமணியா நிக்கும். நைஸ் உப்புத்தாள்ல ஸ்டாம்போட முகத்தை ஒரே ஒரு தடவை லேசாத் தேய், மினுமினுப்பு போனா போதும். தாளுக்கு அடியில நாலு மடிப்பு பேப்பர் வெச்சுக்கோ. நேரா இறக்கி, நாலு மூலையும் விரலால அழுத்தி, நேரா தூக்கு. ஆட்டினா ஓரத்துல நிழல் விழும்.

உமா, 9:52
ஆபீஸ் ஊதா பேடுதான் சித்தி போட்டேன். அதுவும் தப்பா?

மல்லிகா, 9:54
ரசீதுக்குச் சரி. அட்டைல ஓரம் கசியும், ஈரக் கை பட்டா இழுவும், வெயில்ல வெளுக்கும். வழவழன்னு இருக்கிற தாளுக்கு டை இங்க், அது தாள்ல ஊறி சீக்கிரம் காயும். கையால செஞ்ச சொரசொரப்புத் தாள்னா பிக்மெண்ட் இங்க், அது ஊறாம மேலாப்புல நிக்கும். காய ஒரு ராத்திரி கொடு. பளபளப்பு அட்டைல மட்டும் பிக்மெண்ட் வேண்டாம், மறுநாளும் விரல்ல ஒட்டும்.

கார்த்தி, 10:02
எழுத்தைக் கண்ணாடில தெரியிற மாதிரி திருப்பி எழுதவே வரல. கொம்பும் காலும் இடம் மாறிடுது.

செல்வி, 10:05
எழுதவே வேண்டாம் தம்பி. டிரேசிங் தாள்ல 2பி பென்சில்ல நேரா எழுதுங்க. எழுதுன பக்கத்தை ரப்பர்மேல கவுத்துப்போட்டு ஸ்பூன் முதுகால தேய்ங்க, தானாத் திரும்பிடும். வெட்டும்போது பிளேடு முனை எழுத்தைவிட்டு வெளிப்பக்கமா போற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க, கோட்டோட அடி அகலமா நிக்கணும். முனை உள்பக்கமா போனா அடி குடைஞ்சுடும், பத்தாவது அச்சுல கோடு மடங்கும். வளைவு வந்தா கத்தியைத் திருப்பாதீங்க, ரப்பரைத் திருப்புங்க.

மல்லிகா, 10:08
முக்கியமானதை விட்டுட்டியே செல்வி, புள்ளி! ‘ங்’, ‘ல்’ ரெண்டுக்கும் புள்ளியைச் செதுக்காதீங்க. அவ்வளவு சின்ன முளை நிக்காது, பிஞ்சுடும். எழுத்தைப் புள்ளி இல்லாம அச்சடிச்சுட்டு, பென்சில் முனையை மழுக்கி பேடுல தொட்டு வைங்க. புள்ளியை மறந்து ‘பொஙகல’ன்னு அனுப்பினா குழுவுல இருந்தே தூக்கிடுவேன் 😄

உமா, 10:10
செதுக்குன ரப்பரை பிளாஸ்டிக் டப்பால போட்டு வைக்கலாமா?

செல்வி, 10:11
நேரா படக் கூடாது உமா. இந்த வினைல் ரப்பர்ல இருக்கிற எண்ணெய் கசிஞ்சு பிளாஸ்டிக்கை இளக்கும், ரெண்டும் ஒட்டிக்கும். தாள்ல சுத்தி வை.

செல்வி, 10:30
இப்ப என் கேள்வி அத்தை. ஈர மைமேல தங்கப் பொடி தூவி, சூட்டுல உருக்கி எழும்ப வைக்கிற எம்பாஸ் பண்ணினா கரும்புப் படத்தைச் சுத்தியும் பொடிப் புள்ளி நிக்குது.

மல்லிகா, 10:34
கைல இருக்கிற எண்ணெயும் தாள்ல இருக்கிற ஈரமும்தான் பொடியைப் பிடிக்குது, மார்கழிப் பனில கேக்கவே வேண்டாம். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி டால்கம் பவுடரை மல்லுத்துணில முடிஞ்சு தாள்மேல ஒத்து. அப்புறம் ஸ்டாம்பு, உடனே பொடி, கொட்டிட்டுப் பின்பக்கம் ரெண்டு சுண்டு. அப்பவும் நிக்கிற புள்ளியைக் காஞ்ச பிரஷ்ஷால எடுத்துடு. சூடு காட்டிட்டா அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும்.

கார்த்தி, 10:36
ஹேர் டிரையர் போதுமா?

மல்லிகா, 10:38
போதாது. காத்து ஜாஸ்தி, சூடு கம்மி. பொடி பறக்கும், உருகாது. ஹீட் கன் (ரொம்பச் சூடான காத்து ஊதுற கருவி) வேணும். வெளியே பத்து விநாடி சூடேத்திட்டு அட்டைப் பக்கம் கொண்டுபோ. பொடி சொரசொரன்னு இருந்து திடீர்னு தண்ணி மாதிரி மின்னும், அந்த நொடியே நகத்து. அதுக்கு மேல காட்டினா தாளுக்குள்ள ஊறி எண்ணெய்க் கறை மாதிரி ஆயிடும், அட்டையும் வளையும்.

உமா, 11:15
(படம்)
எடை பாருங்க. 20.1 காட்டுது!

மல்லிகா, 11:18
20 கிராம் வரைக்கும்தான் 5 ரூபா தபால்தலை. ஒரு துளி கூடினாலும் 10 ரூபா. கம்மியா ஒட்டினா குறைஞ்ச தொகையைப் போல ரெண்டு மடங்கு வாங்குறவங்ககிட்ட வசூலிப்பாங்க. என்னென்ன வெச்சே?

உமா, 11:20
அட்டை 9.3. மேல ஒட்டுன 250 ஜி.எஸ்.எம் துண்டு 3.5. கவர் 5. உள்ள எழுத ஒரு வெள்ளைத்தாள் 2.3.

செல்வி, 11:21
வெள்ளைத்தாளை எடுத்துடு, 17.8 ஆயிடும். உள்பக்கம்தான் காலியா இருக்கே, எதுக்கு இன்னொரு தாள்?

மல்லிகா, 11:24
பதிலுக்கு அதே அளவுல ஒரு பட்டர் பேப்பர் வை, எம்பாஸ் கவர்ல உரசாது. எடை வெள்ளைத்தாளைவிடக் கம்மி. கார்த்தி, நீ பட்டன், சணல் கயிறுன்னு ஒட்டுறவன். கவரோட வலது மேல் மூலைக்கு நேரா எதையும் ஒட்டாதே. தபால்தலைமேல தேதி முத்திரை ஓங்கி விழும், அடில இருக்கிறது நசுங்கும். ஜிகினாவும் வேண்டாம், கவரைப் பிரிச்ச வீட்டுல அடுத்த தை வரைக்கும் பெருக்கணும்.

கார்த்தி, 11:26
பட்டனைக் கீழ் இடது மூலைக்கு மாத்திட்டேன் அத்தை. கவர் சி6 தானே?

மல்லிகா, 11:27
ஆமா, 11.4க்கு 16.2 செ.மீ. பட்டன் 2 மி.மீ. தடிமனைத் தாண்டினா அந்த அட்டையை நேர்ல கொண்டுவா.