சிறுவர் மாயாஜாலத் தொடர்களைத் திரைக்குக் கொண்டுவரும்போது எதில் கை வைக்கக் கூடாது?

புத்தகப்புழு:

பல பாகங்களாக வந்த சிறுவர் மாயாஜாலக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவரும்போதெல்லாம் ரசிகர்கள் கொதிப்பதும் தயாரிப்பாளர்கள் சமாதானம் சொல்வதும் வாடிக்கையாகிவிட்டன. 'அந்தக் காட்சி ஏன் இல்லை, இந்தப் பாத்திரம் எங்கே போயிற்று' என்று நானும் பட்டியல் போட்டவன்தான். ஆனாலும் 700 பக்கப் புத்தகத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வெளியே போகத்தான் வேண்டும் என்பது புரிகிறது.

எனக்கு விளங்காதது வேறு. சில தழுவல்கள் மூலத்திலிருந்து வெகுதூரம் விலகியும் நிறைவைத் தருகின்றன. வேறு சில, ஒரேயொரு மாற்றத்தைச் செய்துவிட்டு, அடுத்த பாகத்தில் எழுந்து நிற்கவே முடியாமல் தடுமாறுகின்றன. எதை வெட்டினால் தாங்கும், எதில் கை வைத்தால் தாங்காது என்பதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா? படமாக எடுக்காமல் ஓடிடி தொடராக எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, அதை நம்பலாமா? பதில்களில் கதையின் முடிவுகள் வெளிப்பட்டாலும் பரவாயில்லை.

கத்தரிக்கோல்:

தனிக்கதையில் ஒன்றை வெட்டினால் அதன் விளைவு அந்தப் படத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். தொடர்கதையிலோ அது நான்கைந்து ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வேறொரு இயக்குநரின் தலையில் வந்து விடியும். பின்னால் வரும் எந்தத் திருப்பம் இதை நம்பி நிற்கிறது என்பதைத்தான் வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு புத்தகங்கள், 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். முதல் படம் வெளிவந்தபோது நான்கு புத்தகங்களே வந்திருந்தன. ஐந்தாம் படமும் ஏழாம் புத்தகமும் 2007 ஜூலையில், ஒரே மாதத்தில் வெளியாயின. அதுவரை திரைக்கதை எழுதியவர்கள், முடிவு தெரியாத கதையில் எது பின்னால் தேவைப்படும் என்று ஊகித்தே வெட்ட வேண்டியிருந்தது. ஐந்தாம் படத்தின் திரைக்கதையிலிருந்து கிரீச்சர் என்ற வீட்டு ஏவலாளை நீக்கப் பார்த்தபோது, பின்னால் சிக்கிக்கொள்வீர்கள் என்று நூலாசிரியர் ரௌலிங்கே தடுத்திருக்கிறார். ஏழாம் கதையில், வில்லனின் ஆன்மாவின் ஒரு துண்டு ஒளிந்திருக்கும் லாக்கெட் யார் கைக்குப் போயிற்று என்ற துப்பு அந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான் வருகிறது.

ஆனால் அதே ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அவனுக்கு ஒரு கண்ணாடியைக் கொடுப்பார். ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் இருவர் அதில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். படத்தில் அது இல்லை. விளைவாக, ஏழாம் கதையின் முதல் படத்தில் ஹாரி திடீரென்று ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்க்கிறான், அதற்குள் ஒரு கண் தெரிகிறது, நிலவறையில் அகப்பட்டதும் அந்தத் துண்டிடமே உதவி கேட்கிறான். புத்தகம் படிக்காதவர் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படத்திலும் இதே கதைதான். தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அது. இருந்தும், பள்ளிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் மாய வரைபடத்தை உருவாக்கிய நால்வர் யார் என்பதைச் சொல்லாமலேயே விட்டுவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் ஹாரியின் அப்பா என்பதும், அவர் மானாக உருமாறக் கூடியவர் என்பதும் தெரிந்தால்தானே ஹாரி தன்னைக் காக்க மந்திரத்தால் வரவழைக்கும் காவல் உருவம் மானாக வருவதன் கனம் தெரியும்? இரண்டு வரி வசனத்தில் முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, பீவ்ஸ் என்ற குறும்புப் பேயை முதல் படத்துக்காக நடிகரை வைத்துப் படம்பிடித்துவிட்டுப் பிறகு நீக்கினார்கள். ரசிகர்கள் இன்றுவரை வருந்துகிறார்கள், கதைக்கு ஒரு கீறலும் இல்லை.

நடுப்பக்கம்:

கத்தரிக்கோல் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சம்பவங்களை விட ஆபத்தான இடம் நாயகனின் வயது. சிறுவர் கதை நாயகனைப் பதின்பருவத்துக்கு உயர்த்திவிட்டால் பெரியவர்களும் பார்ப்பார்கள், காதலுக்கும் சிறிது இடம் கிடைக்கும் என்று ஸ்டுடியோக்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

பெர்சி ஜாக்சன் தொடரில் அந்த நம்பிக்கை என்ன செய்தது என்று பாருங்கள். 2005 முதல் 2009 வரை வந்த ஐந்து புத்தகங்களில் பெர்சி 12 வயதில் தொடங்கி 16-ஆம் பிறந்தநாளில் வந்து நிற்கிறான். கிரேக்கப் புராணத்தின் மூத்த கடவுளர் மூவரில் ஒருவருக்குப் பிறந்த பிள்ளை 16 வயதை எட்டும்போது, கடவுளரின் இருப்பிடமான ஒலிம்பஸின் கதி முடிவாகும் என்ற ஆருடம்தான் அந்தத் தொடரின் கடிகாரம். ஒவ்வொரு புத்தகத்திலும் முள் சற்று நகர்கிறது. 2010-இல் வந்த படம் அவனை எடுத்த எடுப்பிலேயே மேல்நிலைப் பள்ளி இளைஞனாக்கிவிட்டது. ஆருடத்தைப் பேச வேண்டிய கட்டாயம் 2013-இல் இரண்டாம் படத்தில் வந்தபோது, 16 என்பதை 20 என்று மாற்றி ஒப்பேற்றினார்கள். மூன்றாம் படம் வரவில்லை. வயதை மாற்றியதால் மட்டுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்திருந்தாலும் எந்தக் கடிகாரத்தை வைத்து ஓட்டியிருப்பார்கள்?

படம் உருவாகும்போதே வயதைக் குறித்து எதிர்ப்புத் தெரிவித்துத் தாம் எழுதிய கடிதங்களை நூலாசிரியர் ரிக் ரியோர்டன் பிற்பாடு வெளியிட்டார். 2023 டிசம்பரில் அவருடைய பங்களிப்போடு தொடங்கிய தொடரில் பெர்சி மறுபடியும் 12 வயதுப் பையன்.

கடைசி வரிசை:

இருவரும் கதையின் கணக்கை மட்டுமே பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. கணக்கு சரியாக இருந்தும் உயிர் போய்விடுகிற தழுவல்கள் இருக்கின்றன.

2007-இல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களில், நாயகி லைரா தன் நண்பன் ரோஜரைக் காப்பாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டு, அவனைக் கொல்லப் போகிறவரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். பிள்ளைகளுக்கான கதையில் இவ்வளவு கொடிய முடிவை வைத்த துணிச்சலால்தான் அந்தப் புத்தகம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. படக்குழுவினர் அந்தப் பகுதியைப் படம்பிடிக்கவும் செய்தார்கள்; அடுத்த படத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, எல்லோரும் நம்பிக்கையோடு வடக்கு நோக்கிப் பறக்கும் காட்சியோடு முடித்துவிட்டார்கள். அடுத்த படமோ வரவேயில்லை. பிள்ளைகள் துயரத்தைத் தாங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் தாமாகவே முடிவு செய்துகொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்ததும் பிள்ளைகள்தானே?

புத்தகப்புழு:

மூவருக்கும் நன்றி. கத்தரிக்கோல் அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' மூலத்தை ஏறக்குறைய கலைத்துப் போட்டு அடுக்கியது. அதற்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இன்னொன்று, ஓடிடி பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

கத்தரிக்கோல்:

அந்தப் படத்துக்குப் பின்னால் காத்திருக்கும் பாகம் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். டயானா வின் ஜோன்ஸ் அந்த உலகில் மூன்று நாவல்கள் எழுதினார்; 2004-இல் மியாசாகி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் வேல்ஸ் நாட்டுக்குத் திறக்கும் கதவைப் போர்க்களத்துக்குத் திறக்க வைத்து, தன் கதையைத் தானே முடித்தும்விட்டார். அடுத்த பாகத்துக்கு அவர் எந்தக் கடனும் வைக்கவில்லை. தொடராக எடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டு அந்தச் சுதந்திரத்தையும் கேட்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

நடுப்பக்கம்:

ஓடிடி பற்றி நான் சொல்கிறேன். நேரம் கிடைக்கும், உண்மை. 'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவன்ட்ஸ்' 2004-இல் படமானபோது முதல் மூன்று புத்தகங்களை ஒன்றாகக் கட்டினார்கள். முதல் புத்தகத்தின் போலித் திருமண நாடகத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தது கெட்டிக்காரத்தனமான யோசனை என்றாலும் மற்ற பத்துப் புத்தகங்கள் அப்படியே கிடந்தன. 2017 முதல் 2019 வரை வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரோ ஒரு புத்தகத்துக்கு இரண்டு எபிசோடு, கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் ஒன்று என 25 எபிசோடுகளில் 13 புத்தகங்களையும் முடித்தது. கதைசொல்லியை வெறும் பின்னணிக் குரலாக ஒளித்துவைக்காமல், கோட்டும் சூட்டுமாகக் காட்சிக்குள் நடந்துவந்து 'இதைப் பார்க்காதீர்கள்' என்று எச்சரிக்க வைத்ததும் அந்தப் புத்தகங்களின் குரலுக்குப் பொருத்தமாக இருந்தது.

ஆனால் நேரம் கூடக்கூடப் பணம் மெலிந்துவிடுகிறது. 'தி கோல்டன் காம்பஸ்' கதைக்கே திரும்புவோம். அந்த உலகில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்காக உடலுக்கு வெளியே கூடவே திரியும். தன் விலங்கிடமிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு சிறுவன், அதற்குப் பதிலாக ஒரு கருவாட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பதைப் புத்தகத்தில் படிக்கும்போது குலை நடுங்கும். அதுவரை விலங்கு இல்லாத மனிதரை நாம் பார்த்ததே இல்லை என்பதால் வரும் நடுக்கம் அது. 2007 படம் விலங்குகளைத் தாராளமாகக் காட்டி, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரையும் வாங்கியது, முடிவைக் கைவிட்டது. அதே கதையை வைத்து 2019-இல் தொடங்கிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' தொடர் ரோஜரின் முடிவை மழுப்பாமல் காட்டியது. ஆனால் கூட்டக் காட்சிகளில் பாதிப் பேருக்கு விலங்கே தென்படாததால், துண்டிக்கப்பட்ட பிள்ளையைப் பார்க்கும்போது வர வேண்டிய அதிர்ச்சி மங்கிவிட்டது.

பிள்ளைகள் வளர்வது அடுத்த தலைவலி. பெர்சி ஜாக்சனின் முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன, கதையிலோ ஓராண்டுதான். வரைகலை வேலை மிகுந்த தொடர்களுக்கு இந்த இடைவெளி இப்போது இயல்பாகிவிட்டது. ஆகவே புதிய தொடர் ஒன்றின் அறிவிப்பு வந்தால், நடிகர் பட்டியலுக்கு முன் நான் தேடுவது இரண்டே செய்திகளை: மூலப் புத்தகங்கள் முடிந்துவிட்டனவா, அடுத்தடுத்த சீசன்களைச் சேர்த்தே படம்பிடிக்கப் போகிறார்களா.