வெறும் தண்ணீர் கருங்கல்லை உடைக்குமா?

கேள்வி:
வண்டி கழுவும் பிரஷர் வாஷரை ஒரு கருங்கல் மேல் அரை மணி நேரம் பிடித்துப் பார்த்தேன். பாசி போனது, கல் அப்படியே இருக்கிறது. தண்ணீரால் பாறையை வெட்டுகிறார்களாமே, எப்படி?

பதில் 1:
சாதாரண வாஷரில் 150 பார் (அழுத்தத்தின் அலகு) வருவதே பெரிது. பாறைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். 2000 பாரில் நாசிலை (நீர் வெளிவரும் குறுகிய முனை) விட்டு வரும் நீர் நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் பாயும், ஒலியை விட வேகம்.

ஆனால் வேகம் மட்டும் காரணமில்லை. கருங்கல்லை அமுக்கினால் தாங்கும். இழுத்தால் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான். கல்லில் உள்ள கனிம மணிகளுக்கு நடுவே இருக்கும் நுண்விரிசலில் நீர் புகுந்து உள்ளிருந்து பிளக்கிறது. நான் வெட்டிய கல்லைத் தடவிப் பார்ப்பது வழக்கம். குவார்ட்ஸ் (கருங்கல்லில் உள்ள கடினமான கனிமம்) மணிகள் உடையாமல் முழுசாகத் துருத்தி நிற்கும், கல்கண்டு மாதிரி சொரசொரப்பாக. அதைப் பார்த்தாலே, நீர் மணியை அறுக்கவில்லை, இடையில்தான் பிளந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

பதில் 2:
வழவழப்பான வெட்டு வேண்டுமென்றால் நீரோடு கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் மணல் சேர்ப்பார்கள். அப்போது அறுப்பது மணல்தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. நாசிலைத் தள்ளிப் பிடித்தால்?

பதில் 1:
தாரை காற்றில் சிதறிப் பலம் போய்விடும், அதனால் கல்லை ஒட்டியே பிடிப்போம். அப்புறம் ஒன்று, தயவுசெய்து கையைக் குறுக்கே காட்டாதீர்கள். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கிழிந்திருக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.