வன்னி வெக்கைக்கு வீட்டுக்குள்ளே என்ன செய்தீர்கள்?

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் பக்கத்தில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: சீமெந்துக்கல் சுவர், இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் அதோடு நகையையும் அடகு வைத்துத்தான் பலர் கூரை ஏற்றினார்கள். சீலிங் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. இப்போது பிள்ளைகள் உழைக்கிறார்கள், வீட்டை அழகாக்கக் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. அந்தக் காசு முதலில் போவது மாபிளுக்கும் சோபாவுக்கும்தான். என் கட்சி வேறு. உள்வேலையை முகட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவை, சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும், நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே இறங்கும். அப்போது சுவர் வாங்குவதைவிடக் கூரை வாங்குவதுதான் அதிகம். சூடேறிய கூரைச் சீற் கீழே இருக்கிறவர்மேல் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபான் சுற்றினாலும் தலை காய்வது அதனால்தான்.

நான் சீற்றுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பலகைச் சீலிங் அடித்தேன். முகட்டுக்குக் கீழே முக்கோணமாக ஏறும் சுவர் இரண்டிலும் காற்றுப் போகத் துளை விட்டேன். அந்தத் துளைக்கு வலை கட்டாயம். இல்லாவிட்டால் அணிலும் வௌவாலும் குடிவந்துவிடும், பிறகு வெக்கையைவிட நாற்றம்தான் பெரிய பிரச்சினை. சீற்றுக்கு மேலே வெள்ளைப் பூச்சும் அடித்தேன். செலவுக்கு மேல் பலன் தந்தது அந்தப் பூச்சுத்தான். ஆனால் ஒரு மாரி போனால் பாசி பிடித்து மங்கிவிடும், கழுவ வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தீர்கள், சொல்லுங்கோ.

பரந்தனிலிருந்து:

அண்ணை, நீங்கள் மேலே பார்த்தீர்கள், நான் கீழே பார்த்தேன். கலியாணத்துக்கு வந்த றெக்சின் சோபா எங்கள் முன்னறையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பகல் இரண்டு மணிக்கு அதில் இருந்து எழும்பினால் முதுகுச் சட்டை நனைந்திருக்கும். மாமி முகத்தைப் பார்த்து நெடுநாள் வைத்திருந்தேன். கடைசியில் அதை அவவின் அறைக்கே அனுப்பினேன், அவவும் ஒரு கோடை இருந்து பார்த்துவிட்டு விற்கச் சொன்னா! இப்போது இருப்பது பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை இரண்டும் ஒரு வாங்கும். பின்னலுக்கு ஊடாகக் காற்றுப் போகும், முதுகு வேர்க்காது.

கட்டில் தலைமாடு மேற்குச் சுவரோடு இருந்தது. பின்னேர வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான். சீமெந்துக்கல் வாங்கிய சூட்டை இராப் பத்து மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கும். கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டு, மேற்குச் சுவரோடு அலுமாரியை வைத்தேன். செலவு ஒரு சதமும் இல்லை. பிள்ளைகள் சிவப்புச் சீமெந்து நிலத்தில் பன்பாயைப் போட்டுப் படுக்கிறார்கள். அவர்களிடம் மெத்தை எடுபடவில்லை.

திரைச்சீலை விஷயத்தில் என் தங்கச்சியோடு இன்னும் சண்டைதான். தடித்த சற்றின் சீலை வீட்டுக்கு வடிவு என்கிறாள். அது காற்றை மறிக்கும். பழைய வொயில் சேலையை வெட்டி, யன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் போட்டால் மறைப்பும் ஆச்சு, காற்றும் ஆச்சு.

மாங்குளத்திலிருந்து, மேசன் வேலை:

பரந்தன் தங்கச்சி சொன்ன மேற்குச் சுவருக்கு வெளியிலும் வேலை இருக்கு. அந்தப் பக்கத் தாவாரத்தை நீட்ட வேண்டும், அல்லது விறாந்தையை அங்கே எடுக்க வேண்டும். எங்களுக்கு வைகாசி தொடங்கிப் புரட்டாசி மட்டும் சோளகம் தென்மேற்கிலிருந்து வரும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து. இந்த இரண்டு பக்கமும் நேருக்கு நேர் யன்னல் இருந்தால் வீடு தானாக மூச்சு விடும். நான் போகிற வீடுகளில் அறைக்கு ஒரு யன்னல்தான், அதுவும் றோட்டைப் பார்த்து. காற்று வந்தால் வெளியே போக வழி வேண்டாமோ?

வெளிநாட்டுக் காசில் கட்டுகிறவர்கள் பிளாட் கூரை கேட்கிறார்கள். மேலே ஒன்றும் போடாத கொங்கிறீற் தட்டு பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, ஆட்கள் படுக்கப் போகிற நேரம் பார்த்துக் கீழே விடும். சொன்னால் ஓடு பழைய காலத்து வேலை என்பார்கள். கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களிலேயே சீற்றுக்கு மேல் நாட்டு ஓடு அடுக்கி வசதியானவர்களுக்கு வீடு கட்டியவர். மழையைச் சீற் பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓடு வாங்கும், நடுவில் காற்று நிற்கும். ஏற்கெனவே சீற் போட்ட வீட்டிலும் செய்யலாம். ஆனால் பாரம் கூடும், கூரை மரத்தை முதலில் ஓடாவியிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கோ.

அப்புறம் ஒன்று. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள், உரஞ்சிக் கழுவாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒட்டுசுட்டான் அண்ணையின் பாசிக்கும் இதே கதைதான். நனைத்து, மெல்லிய தும்பால் துடைத்தால் போதும்.

மல்லாவியிலிருந்து:

நான் யன்னலில் ஈரச்சாக்குத் தொங்கவிடுகிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறை உண்மையாகவே குளிருது. ஆனால் மழை கட்டி நிற்கிற ஐப்பசியில் செய்தால் புழுக்கம் கூடும், சாக்கும் மணக்கும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

பிள்ளைகள், எங்களுக்கு அந்தக் காலம் மண்சுவரும் கிடுகும்தான். ஒரு சாண் தடிப்புச் சுவர், உள்ளே போனால் குளிர்ச்சி. இப்போது ஒருவரும் கட்டுகிறார்கள் இல்லை.

பரந்தனிலிருந்து:

ஐயா, குளிர்ச்சி சரி. கிழமைக்கு ஒருக்கால் சாணகம் போட்டு மெழுகினது யார்? அம்மம்மாவின் கையைக் கேட்டால்தான் தெரியும். கறையான், இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் வேய்ச்சல், அதையும் கணக்கில் சேருங்கோ. மண்வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வெளிக்குசினியை மட்டும்தான். விறகடுப்பும் புகையும் சூடும் வீட்டுக்குள் வரவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து:

யன்னல் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நாங்கள் பகல் முழுக்க யன்னலைத் திறந்து வைத்து அனலை உள்ளே விடுகிறோம். இரவு வெளியே குளிர்ந்த பிறகு நுளம்புக்கும் பாம்புக்கும் கள்ளனுக்கும் பயந்து பூட்டுகிறோம். நேர்மாறாகச் செய்ய வேண்டும். காலை ஒன்பது, பத்து மணியோடு சாத்தி, இருட்டிய பிறகு திறக்க வேண்டும். அதற்குக் கம்பியும் நுளம்பு வலையும் தேவை. எங்கள் புழுதிக்கு வலை அடைத்துக்கொள்ளும், கழற்றிக் கழுவுகிற மாதிரிச் சட்டத்தில் அடியுங்கோ.

வவுனியாவிலிருந்து:

எல்லாம் சரி அண்ணை, வீட்டில் படுக்கையில் ஒரு வயதான ஆள் இருக்கிறார். ஏசி போடலாமா?

மாங்குளத்திலிருந்து, மேசன் வேலை:

போடலாம் தம்பி. ஆனால் சீற்றுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருக்கிற அறைக்குப் போடாதீர்கள், குளிர் முழுக்க அதால் போகும். முதலில் சீலிங் அடித்து இடைவெளிகளை அடையுங்கோ, மேற்குச் சுவரில்லாத சின்ன அறையாகப் பாருங்கோ. சாதாரண 1 தொன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும், ஃபான் 70 வாட்தான். சீலிங் அடித்த பிறகு ஒரு கிழமை ஃபானோடு விட்டுப் பாருங்கோ. அவருக்குப் போதுமென்றால் ஏசிக் காசு மிச்சம்.