வலிப்பு வந்தும் கடிகாரம் ஒலிக்கவில்லை, அவசர உதவி

கனியின்_அம்மா
வணக்கம். மகளுக்கு நேற்றிரவு தூக்கத்தில் வலிப்பு வந்தது. வலிப்பு வந்தால் எங்களை எழுப்புவதற்காக அவள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கட்டில் ஆடும் சத்தம் கேட்டு நானாகத்தான் எழுந்து ஓடினேன். பகலில் சோதித்தபோதெல்லாம் சரியாக ஒலித்தது. இதை நம்பித்தான் அவளைத் தனி அறையில் படுக்க விட்டோம். வேறு எதை வாங்கலாம்? இன்று இரவுக்குள் யாராவது சொன்னால் நல்லது.

கதிர்
எந்தக் கடிகாரம்? எந்தச் செயலி? தொலைபேசி ஆண்ட்ராய்டா, ஐபோனா? இரவில் அது எங்கே இருந்தது?

நெய்தல்
தோல் உணரி இல்லாத கடிகாரமாகத்தான் இருக்கும். அசைவை மட்டும் பார்ப்பவற்றை நம்பாதீர்கள். பெரிய வலிப்பின்போது வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்பட்டுத் தோலின் மின்கடத்தும் திறன் சட்டென்று ஏறும். எம்பாட்டிகா நிறுவனத்தின் எம்பிரேஸ் பட்டை அசைவையும் இதையும் சேர்த்தே கணிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் பெரியவர்களுக்கும் 2019இல் 6 வயது முதலான குழந்தைகளுக்கும் அதற்கு அனுமதி அளித்தது. யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

மின்பொறி
கேள்வி கேட்கும் முன் இந்தப் பகுதியின் விதிகளைப் படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கருவியின் பெயர்கூட இல்லாமல் 'ஒலிக்கவில்லை' என்றால் யார் பதில் சொல்வது? கடையில் வாங்கும் விளையாட்டுக் கடிகாரம் மருத்துவக் கருவி ஆகாது. அடிப்படை தெரியாதவர்கள் இதைக் குழந்தையின் கையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

இரவுச்செவிலி
மின்பொறி ஐயா, பிள்ளைக்கு வலிப்பு வந்த மறுநாளே எழுதும் தாயிடம் இப்படியா பேசுவது?

சகோதரி, மகள் இப்போது எப்படி இருக்கிறாள்? வயது என்ன? கை கால் வெட்டி வெட்டி இழுத்ததா, விறைத்து மட்டும் கிடந்தாளா? எவ்வளவு நேரம்? காரணத்தோடுதான் கேட்கிறேன். கையில் கட்டும் கருவிகள் உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பைத்தான் ஓரளவு நம்பும்படி கண்டுபிடிக்கின்றன. வெறித்துப் பார்த்தபடி சில நொடி நினைவு தப்பும் வகைக்கு அவை ஒலிப்பதில்லை. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேசக் கழகம் 2021இல் பங்கேற்று வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரிய வலிப்புக்கு மட்டுமே இவற்றைப் பரிந்துரைக்கிறது. அதிலும், ஒலித்த 5 நிமிடத்துக்குள் ஒருவர் அருகில் போய்ச் சேரக்கூடிய வீடுகளுக்குத்தான் பயன் அதிகம்.

கனியின்_அம்மா
இப்போது தூங்குகிறாள். வயது 13. முதலில் விறைத்தாள், பிறகு வெட்டி இழுத்தது. நான் போன பிறகே ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். செயலி ஓப்பன் சீஷர் டிடெக்டர். ஆண்ட்ராய்டு தொலைபேசி, அவள் மேசையில் சார்ஜில் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

தாமிரபரணி
அம்மா, கருவியெல்லாம் இருக்கட்டும். தலையணைக்கு அடியில் இரும்புச் சாவிக்கொத்து வையுங்கள். வலிப்பு வந்ததும் கையில் கொடுத்தால் நின்றுவிடும். என் பெரியப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இரவுச்செவிலி
தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்குள் அடங்கிவிடுவதால் சாவிதான் நிறுத்தியது என்று நம்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை வேறு. கூரான பொருள்களை அகற்றுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வைக்கக் கூடாது. மணி பார்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

தாமிரபரணி
பெரியவர்கள் சொன்னதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சாவி வைத்துக்கொண்டே மாத்திரையும் கொடுக்கலாமே. நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

மின்பொறி
இதுபோன்ற பதிவுகளை நிர்வாகி நீக்க வேண்டும். பள்ளிப் பாடத்திலேயே தெளிவாகியிருக்க வேண்டிய செய்தி இது.

இரவுச்செவிலி
நீக்க வேண்டாம் ஐயா. சாவி கொடுக்கும் பழக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அவர்களும் இங்கே வந்து படிக்கட்டும். தாமிரபரணி அண்ணா, மாத்திரையை நிறுத்தச் சொல்லாததற்கு நன்றி. ஆனால் பலமாக இறுகும் விரல்களுக்குள் இரும்பு இருந்தால் காயம்தான் மிஞ்சும்.

கதிர்
இழைக்குத் திரும்புவோம். சகோதரி சொன்ன விவரத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தச் செயலி பிரிட்டனில் ஒரு தந்தை தன் மகனுக்காகத் தொடங்கிய இலவசத் திட்டம். கடிகாரம் கையின் அசைவை அளந்து ப்ளூடூத் வழியே அனுப்பும். வலிப்பா இல்லையா என்று கணக்குப் போடுவது தொலைபேசி. இயல்பான அமைப்பில், நொடிக்கு 3 முதல் 8 முறை என்ற வேகத்தில் அசைவு 5 நொடி தொடர்ந்தால் முன்னெச்சரிக்கை, 10 நொடி தொடர்ந்தால் முழு அலாரம். கனிக்கு அதைவிட வெகுநேரம் இழுத்திருக்கிறது. ப்ளூடூத் மட்டும் அறுந்திருந்தால் அதற்கென்று தனிப் பிழை ஒலி உண்டு, அது உங்களை எழுப்பியிருக்கும். இரண்டுமே வரவில்லை என்றால் செயலியே நின்றுபோயிருக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் திரை அணைந்து வெகுநேரமானால் பின்னணியில் ஓடும் செயலிகளை மின்கலச் சேமிப்புக்காக நிறுத்திவிடும். பகலில் திரையைப் பார்த்துக்கொண்டே சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது.

அமைப்புகளில் அந்தச் செயலிக்கு 'மின்கலக் கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். 'தொந்தரவு செய்யாதே' இரவில் தானாக இயங்குகிறதா, அலாரத்தின் ஒலி அளவு எவ்வளவு என்றும் பாருங்கள். பிறகு பகல் சோதனையோடு விடாதீர்கள். அவள் உறங்கிச் சில மணி நேரம் கழித்து, திரையைத் தொடாமல், கடிகாரத்தை மட்டும் மெல்லக் கழற்றி உங்கள் கையில் கட்டிப் பல் துலக்குவதுபோல் வேகமாக ஆட்டுங்கள். பல் துலக்கும்போது தவறாக ஒலிப்பது இந்தச் செயலியில் வழக்கம். அதுவே இங்கே சோதனைக்கு உதவும்.

நெய்தல், நீங்கள் சொன்ன பட்டையும் அருகிலுள்ள தொலைபேசி வழியாகத்தான் பராமரிப்பவரை அழைக்கிறது. இதே தொலைபேசியில் போட்டால் இதே இடத்தில்தான் அறுபடும். கூடவே மாதச் சந்தா வேறு.

நெய்தல்
தொலைபேசி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் இரண்டு உணரிகள் இருந்தால் வீண் அலாரம் குறையும். வீண் அலாரத்தில் சலித்துப்போய்க் கடிகாரத்தையே கழற்றி வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

கனியின்_அம்மா
கதிர் தம்பி சொன்னதுதான். மின்கலச் சேமிப்புப் பட்டியலில் செயலி இருந்தது, எடுத்துவிட்டேன். இரவு ஆட்டிப் பார்த்தேன், ஒலித்தது. இப்போதைக்கு நானும் அவள் அறையிலேயே படுக்கிறேன். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

இரவுச்செவிலி
நல்லது சகோதரி. வலிப்பு நீண்டுபோனால் அதை நிறுத்த வீட்டிலேயே மூக்கில் அடிக்கும் மிடாசோலம் என்ற மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வலிப்பு வந்த நேரத்தையும் நீடித்த அளவையும் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை ஏதேனும் வேளை தவறியதா?

வைகறை
எங்கள் வீட்டிலும் இதே சிக்கல். கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் தொலைபேசி புதுப்பிப்பு வந்தால் அமைப்பு பழையபடி மாறிவிடுகிறது. கனியின் அம்மா, உங்களுடையது எந்தத் தொலைபேசி?